கத்தரிக்கோல் இல்லாத வீடு

போன வார அத்தியாயத்தில் பெய்-ஷானை ஆஸ்பத்திரி வாசலில் குடையில்லாமல் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், நனைந்தபடியே பஸ் பிடித்து, தன் துறைமுக ஊரான கீலுங்குக்கு வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகும் மழை விடவில்லை. கீலுங்கில் மழை விடாதது ஒரு செய்தியா என்ன! இந்த ஊரில் பிள்ளை நடக்கப் பழகுவதற்கு முன்னால் குடை பிடிக்கப் பழகிவிடும்.

அந்த மழை பெய்-ஷானுக்குக் கேட்காது. கடைக் கண்ணாடியில் கோடு கோடாக இறங்கும்போது, எதிரே மீன் உருண்டைக் கடைக்காரர் தார்ப்பாயை இழுத்துவிடும்போது, ‘ஓ, மழையா’ என்று தெரிந்துகொள்வாள். முப்பத்தெட்டு வயதுக்காரிக்கு உலகம் பாதி நேரம் தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி இருந்தது. ஆட்கள் வருவார்கள், வாய் அசையும், கை அசையும், போய்விடுவார்கள். அவள் பாட்டுக்கு ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பாள். அதில் ஒரு சுகமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

எப்போதாவது, கொட்டாவி விடும்போதோ சூடாக எதையாவது விழுங்கும்போதோ, இடது காதில் ‘டப்’ என்று ஒரு சத்தம். கதவு திறந்த மாதிரி மொத்த ஊரும் உள்ளே வந்துவிடும். தகரத்தின் மேல் மழை, ஸ்கூட்டர், யாரோ யாரையோ திட்டுவது. இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

அவள் பிறக்கும்போதே மேலுதடும் உள்ளே மேலண்ணமும் பிளந்திருந்தன. கைக்குழந்தையிலேயே தைத்துவிட்டார்கள். உதட்டின் மேல் மெல்லிசாக ஒரு கோடு, பேச்சில் லேசாக மூக்கு, அவ்வளவுதான் மிச்சம். ‘தைச்சாச்சு, முடிஞ்சுது’ என்று வீட்டில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். காது அடைப்பதையும், சீழ் வடிவதையும், கூப்பிட்டால் திரும்பாததையும் யாரும் அந்தப் பிளவோடு முடிச்சுப் போடவில்லை. பள்ளியில் டீச்சர், ‘ஜன்னலைப் பார்த்துக் கனவு காண்கிறாள்’ என்றார். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குக் கனவுக்காரி என்றே பெயர்.

பழியெல்லாம் ஒரு கத்தரிக்கோல் மேல் விழுந்தது. கர்ப்பிணி கட்டிலில் உட்கார்ந்து கத்தரிக்கோல் பிடித்தால் பிள்ளையின் உதடு பிளக்கும் என்பது அந்தச் சந்தில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஊருக்கு ஒரு பழி. சில ஊரில் கிரகணத்தின் மேல் போடுவார்கள், இங்கே கத்தரிக்கோலின் மேல். பெய்-ஷானின் அம்மா சியு-யுன் வயிற்றுப் பிள்ளையோடு கட்டிலில் உட்கார்ந்து பஞ்சுப் போர்வை உறைக்குத் துணி வெட்டியிருந்தாள். குழந்தையின் முகத்தைப் பார்த்த அன்றைக்கே கத்தரிக்கோலைக் கொண்டுபோய்த் துறைமுகத் தண்ணீரில் வீசினாள். அப்புறம் அந்த வீட்டில் கத்தரிக்கோலே கிடையாது. வெங்காயத்தாளைக் கையால் கிள்ளுவாள். பொட்டலத்தைப் பல்லால் பிரிப்பாள்.

அப்படிப்பட்டவளின் மகள் துணி திருத்தும் கடை போட்டாள் பாருங்கள்! பேன்ட் நீளம் குறைக்க, இடுப்பு பிடிக்க, ஜிப் மாற்ற. துணி பேசாது, பதிலும் கேட்காது என்றுதான் அவள் அந்தத் தொழிலைப் பிடித்தாள். அம்மாவுக்கு அது புரியவில்லை. கடை திறந்து பதினாறு வருஷமாகிறது, சியு-யுன் இன்னும் வாசல்படியைத் தாண்டியதில்லை. சாப்பாட்டுத் தூக்கை வெளியிலிருந்தே நீட்டுவாள்.

இன்றைக்கு என்ன அவசரம் என்றால், ஆஸ்பத்திரிக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வலது காதுக்குள் தோல் சுருண்டு முடிச்சாகி எலும்பை அரித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாகத் தலை சுற்றலும் சேர்ந்துகொண்டது. விட்டுவைத்தால் முகமே ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். வீட்டு ஆள் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டு, கூடவே தங்க வேண்டும். தம்பி போ-வெய் கப்பலில் எங்கேயோ நடுக்கடலில் இருந்தான். அவன் மனைவி ஜிங்-யிக்கு ஏழாம் மாதம். அப்பா இல்லை. மிச்சம் அம்மாதான்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சின்ன வயதில் ஒருமுறை ‘காது வலிக்குது’ என்றதற்கு அம்மா அழுத அழுகை இன்னும் நினைவில் இருந்தது. ‘எல்லாம் நான் பண்ண பாவம்’ என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றோடு பெய்-ஷான் காதைப் பற்றி வீட்டில் வாய் திறப்பதை விட்டுவிட்டாள்.

மதியம், தைத்துக்கொண்டிருந்த துணியின் மேல் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் ஜிங்-யி. முகமெல்லாம் ஈரம். மழையா அழுகையா தெரியவில்லை.

“எத்தனை தடவைக்கா கூப்பிடறது? உள்ளே வந்தே ரெண்டு நிமிஷம் ஆச்சு!”

“கவனிக்கலை. உட்காரு. என்ன ஆச்சு?”

ஜிங்-யி பையிலிருந்து ஒரு கால் உறையை எடுத்தாள். அதற்குள்ளிருந்து இன்னொரு கால் உறை. அதற்குள் ஒரு குட்டிக் கத்தரிக்கோல்.

“அரிசி டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். இன்னைக்குக் காலைல குழந்தைக்கு வாங்கின பார்சலைக் கட்டில்ல உக்காந்து பிரிச்சேன். அத்தை பாத்துட்டாங்க.”

“ஐயையோ.”

“ஐயையோதான்! வீடே ரெண்டாச்சு. ஊதுபத்தி ஏத்திக் கட்டிலைச் சுத்துறாங்க. ‘போன தடவை நான் கெடுத்தேன், இந்தத் தடவை நீ கெடுக்கறியா’ன்னு ஒரே கத்தல். ஸ்கேன்ல உதடு நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. ஆனா உள்ளே மேலண்ணம் சரியாத் தெரியாதாமே. அக்கா, நிஜமா சொல்லுங்க. எதாவது ஆயிருக்குமா?”

சொல்லிவிட்டு விசும்பினாள். குனிந்து அழுததால் அவள் உதடு மறைந்துவிட்டது. பெய்-ஷானுக்குப் பாதிப் பேச்சு போயிற்று. மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள்.

“என்னைப் பார்த்துப் பேசு. பயப்படாதே. டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாங்க. வயித்துல ரெண்டு மாசம் முடியறதுக்குள்ள உதடு சேர்ந்துடும். மூணு மாசத்துக்குள்ள மேலண்ணம் சேர்ந்துடும். சேர்றதோ சேராததோ அப்பவே முடிவாயிடுது. ஏழாம் மாசத்துல நீ கத்தரிக்கோல் என்ன, கோடாலியே எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது.”

ஜிங்-யி மூக்கை உறிஞ்சினாள். யோசித்தாள். பிறகு கண் பெரிதானது.

“அத்தை எத்தனாவது மாசத்துல வெட்டினாங்களாம்?”

“தெரியாது. யாரும் கேட்டதில்லை.”

“முதல்ல போய்க் கேளுங்கக்கா! ஆமா, உங்களுக்கு எதுக்கு டாக்டர் இதெல்லாம் சொன்னாங்க?”

பெய்-ஷான் சுண்ணக்கட்டியை எடுத்தாள், வைத்தாள். பிறகு சொல்லிவிட்டாள். தொண்டையிலிருந்து காதுக்கு ஒரு குழாய் போகிறது, அதைத் திறந்துவிடும் தசை மேலண்ணத்தில் இருக்கிறது, பிளவோடு பிறந்தவர்களுக்கு அந்தத் தசை சரியாக இழுக்காது, காற்றுப் போகாமல் காதுக்குள் தண்ணீர் கட்டிக் கட்டிக் கெட்டுப்போகும். பல பேருக்கு வளர்ந்த பிறகும் விடாது. அவளுக்கு வலது காது போயே விட்டது. இடது காது பாதி.

ஜிங்-யி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தினால் பேச்சு தெரியாதே என்று அவளுக்கே உறைத்து, கையை எடுத்தாள்.

“கல்யாணமான புதுசுல நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு நீங்க திரும்பவே மாட்டீங்க. பெரிய கர்வம்னு போ-வெய்கிட்ட எத்தனை கோள் சொல்லியிருக்கேன் தெரியுமா?”

“தெரியும். அவன் சொன்னான்.”

“அடப்பாவி!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஜிங்-யி எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “இன்னைக்கே அத்தைகிட்ட சொல்றீங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். நான் சொன்னா ஒப்பாரியோட சொல்லுவேன், பரவாயில்லையா?”

சாயங்காலம் சந்துக்குள் வெளிச்சம் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு வந்தது. பெய்-ஷான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாசலிலிருந்தும் குடையும் குப்பைப் பையுமாக ஆட்கள் கனவில் நடக்கிற மாதிரி வந்து நின்றார்கள். அப்படியென்றால் பாட்டு ஆரம்பித்துவிட்டது. குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பாட்டைக் கேட்டுத்தான் ஊரே இறங்கும். குப்பையைக் கீழே வைக்கக்கூடாது, கையிலேயே வைத்திருந்து வண்டியில் போட வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் பாட்டைக் கேட்டு இறங்கியதில்லை. அம்மா வந்து கண்ணாடியைத் தட்டுவாள், அதுதான் அவளுக்குப் பாட்டு.

இன்றைக்கும் தட்டினாள். படிக்கு வெளியே நின்று, குடைக்கடியில், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

“ஏண்டி கனவுக்காரி! வண்டி முனைக்கு வந்தாச்சு, இன்னும் ஊசியும் கையுமா உக்காந்திருக்கே! காலைலேருந்து எனக்கு ரத்தம் கொதிக்குது. உன் தம்பி பொண்டாட்டி என்ன பண்ணினா தெரியுமா?”

பெய்-ஷான் பையை எடுத்துக்கொண்டு அம்மாவின் குடைக்குள் புகுந்தாள். வண்டி மெதுவாக வந்தது. மஞ்சள் விளக்கு ஈரத் தரையில் சுற்றியது. பக்கத்தில் வந்த பிறகுதான் பாட்டு அவளுக்கு லேசாகக் கேட்டது, பக்கத்து வீட்டு ரேடியோ போல.

“அம்மா, இந்தப் பாட்டு எனக்குக் கேக்காது.”

“என்னது?”

“இப்ப வண்டி மூக்குக்கு முன்னாடி நிக்குது, அதான் கொஞ்சம் கேக்குது. மத்த நாள்ல நீ வந்து தட்டலைன்னா எனக்கு வண்டி வந்ததே தெரியாது. வலது காது சுத்தமாப் போச்சு. இடது பாதி. நீ பேசறதையே உன் உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கறேன்.”

“விளையாடறியா?”

“சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தாம்மா. சொன்னா நீ அழுவேன்னு சொல்லலை.”

பக்கத்து வீட்டம்மா பையை வீசிவிட்டு, “என்ன சியு-யுன், போடலையா?” என்றாள். சியு-யுனுக்கு அது காதில் விழவில்லை. இன்றைக்கு அவள் முறை போலிருக்கிறது.

“நான் பண்ணினதுதான்” என்றாள் கடைசியில். “அந்தக் கத்தரிக்கோல். உதட்டோட விட்டுதேன்னு நினைச்சேன். காதையும் சேர்த்து வெட்டியிருக்கேன்.”

“அம்மா, அந்தத் துணியை வெட்டினப்ப உனக்கு வயிறு எவ்வளவு இருந்தது?”

“இப்ப எதுக்கு அது?”

“சொல்லேன்.”

“எவ்வளவு இருந்ததா? வயிறு இடிச்சுத் துணியே தெரியலை. கையை நீட்டி நீட்டி வெட்டினேன். ஏழாவது முடியற சமயம். புது வருஷத்துக்குள்ள தைக்கணும்னு அவசரம்.”

பெய்-ஷான் அம்மாவின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். மத்தியானம் ஜிங்-யிக்குச் சொன்னதை அப்படியே சொன்னாள். ரெண்டு மாசத்தில் உதடு, மூணு மாசத்தில் அண்ணம். “நீ கத்தரிக்கோலைத் தொடறதுக்கு நாலு மாசம் முன்னாடியே நான் இப்படித்தாம்மா இருந்தேன். நீ ஒண்ணும் பண்ணலை.”

வண்டி பாட்டுப் பாடிக்கொண்டே சந்தைத் தாண்டிப் போயிற்று. ஆட்கள் கலைந்தார்கள். சியு-யுன் குப்பைப் பையும் கையுமாக அங்கேயே நின்றாள். அந்தச் சந்தில் குடியேறிய நாளாக அவள் வண்டியைத் தவறவிட்டதே இல்லை.

“நாலு மாசம் முன்னாடியேவா?”

“ஆமா.”

“எவளும் சொல்லலியேடி! பக்கத்து வீட்டுக்காரி, என் மாமியா, மருத்துவச்சி, எல்லாரும் தலையைத் தலையை ஆட்டினாளுங்களே! முப்பத்தெட்டு வருஷமா நான் வெங்காயத்தாளைக் கிள்ளிக்கிட்டு இருக்கேனே!”

கோபமா அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு முகம். பெய்-ஷானுக்கு அந்த முகத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டாள். குடை சாய்ந்து இரண்டு பேரும் நனைந்தார்கள்.

அப்படியே நின்றுகொண்டு மிச்சத்தையும் சொன்னாள். முடிச்சு, எலும்பு, செவ்வாய்க்கிழமை, கையெழுத்து. சியு-யுன் ‘உம், உம்’ என்று கேட்டாள். இந்தத் தடவை தலையில் அடித்துக்கொள்ளவில்லை.

“நான் வரேன். நான்தானே வரணும்? வேற யாரு வருவா? பதில் போடு அவங்களுக்கு.”

பெய்-ஷான் போனில் ‘வருகிறோம், அம்மாவும் நானும்’ என்று தட்டி அனுப்பினாள். ஒரு நொடியில் நர்ஸிடமிருந்து பதில் வந்தது. காதைச் சுற்றி நான்கு விரல் அளவுக்கு முடியை எடுத்துவிட வேண்டும், இங்கே வந்தும் எடுத்துக்கொள்ளலாம், வீட்டிலேயே குட்டையாக வெட்டி வந்தால் வேலை சுலபம் என்று. பெய்-ஷான் அதை வாய்விட்டுப் படித்தாள்.

சியு-யுன் கடையைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். பிறகு குப்பைப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, செருப்பை உதறிவிட்டு, படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

மதியத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல் உள்ளேயே உட்கார்ந்து மீன் உருண்டை சூப் குடித்துக்கொண்டிருந்த ஜிங்-யி கிண்ணத்தோடு எழுந்துவிட்டாள்.

“அத்தை! உள்ளேயா!”

“ஏன், எனக்குக் கால் இல்லையா? கத்தரிக்கோல் எங்கே?”

“எது?”

“எதுவா? துணி வெட்டறது. பெரிசு.”

ஜிங்-யி பெய்-ஷானைப் பார்த்தாள். பெய்-ஷான் தலையாட்டினாள். ஜிங்-யி கத்தரிக்கோலை இரண்டு விரலால் பிடித்து அத்தையின் கையில் வைத்துவிட்டு, வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். “டாக்டர் சொன்னதை நான் நம்பறேன்கா. இருந்தாலும் கொஞ்சம் வெளியே நிக்கறேன். குழந்தைக்கு எதுக்கு வம்பு?”

கடையில் அளவு பார்க்க ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. பெய்-ஷான் அதற்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தோளில் ஒரு வெள்ளைத் துணி. அம்மா வலது பக்கமாக வந்து நின்று, முடியை ஒதுக்கி, காதைப் பார்த்தாள். இத்தனை பக்கத்தில் அந்தக் காதை அவள் பார்த்து எத்தனையோ காலமாயிற்று.

முதல் வெட்டு முடியின் நுனியோடு நின்றது. இரண்டாவது கொஞ்சம் தைரியமாக உள்ளே போனது. முடி கொத்துக் கொத்தாக வெள்ளைத் துணியில் விழுந்தது. பெய்-ஷானுக்கு ஒரு சத்தமும் இல்லை. கன்னத்தில் இரும்பின் குளிர்ச்சி மட்டும் வந்து வந்து போயிற்று. வெளியே விளக்குகள் மழையில் கரைந்து, சந்து முழுக்க மஞ்சளும் சிவப்புமாகக் குழம்பிக் கிடந்தது. தூக்கம் வருகிற மாதிரி இருந்தது அவளுக்கு. அம்மாவின் கை தலையில் பட்டு எத்தனை நாளாகிறது!

கண்ணாடியில் அம்மாவின் உதடு அசைந்தது.

அந்தப் போன காதுக்கு நேராகக் குனிந்து சியு-யுன் பேசிக்கொண்டிருந்தாள். கேட்காது என்று தெரிந்துதான் பேசினாள். சொல்லித் தீர்க்கவும் வேண்டும், மகளுக்குக் கேட்கவும் கூடாது. அதற்கு அந்தக் காதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? எதிரே கண்ணாடி இருப்பதை அவள் மறந்துபோனாள்.

பெய்-ஷான் மறக்கவில்லை. கண் தானாகப் படித்தது.

‘உனக்கு ஏழு வயசுல ஒரு டாக்டர் சொன்னார். காது ஜவ்வுல சின்னதா வெட்டிக் குழாய் வைக்கணும், வச்சா கேக்கும்னு. இன்னொரு தடவை உன் மேல கத்தி படறதை என்னால தாங்க முடியலை. வேண்டாம்னு தூக்கிட்டு வந்துட்டேன். வளர்ந்தா சரியாப் போயிடும்னு நினைச்சேன். உங்கப்பாகிட்டகூட சொல்லலை. வயித்துல இருக்கும்போது நான் ஒண்ணும் பண்ணலை, சரி. இதை நான்தான் பண்ணினேன்.’

பெய்-ஷான் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. ஜன்னல் ஓரத்து பெஞ்சு. டீச்சரின் அசையும் வாய். வகுப்பே சிரிக்கும், எதற்கென்று தெரியாமல் அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதெல்லாம் விதி என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தாள். எச்சிலைக் கூட்டி விழுங்கினாள்.

‘டப்.’

இடது காது திறந்துகொண்டது. மழை முழுசாக உள்ளே வந்தது. வெளியே ஜிங்-யி எதிர்க் கடைக்காரரிடம் இன்னும் இரண்டு உருண்டை கேட்டுக்கொண்டிருந்தாள். தலைக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் ‘சரக்’ என்று ஒருமுறை கடித்தது. அம்மாவின் மூச்சு திக்கித் திக்கி வந்தது.

பெய்-ஷானின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி வெள்ளைத் துணியில் சொட்டியது. அதைப் பார்த்து சியு-யுன் நிமிர்ந்தாள். எதிரே கண்ணாடி. கண்ணாடிக்குள் மகளின் கண்கள், தன் உதட்டின் மேலேயே.

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றுவிட்டது. பாதி முடி வெட்டியும் பாதி தொங்கியும் இருந்தது.

“பெய்-ஷான்” என்றாள் அம்மா, மெல்ல. “நீ பாத்துட்டியா?”

அந்தக் கேள்வி மழையோடு சேர்ந்து அவளுக்குத் தெளிவாகவே கேட்டது.